ஒரு ஸ்லாட்டில் எதைச் செருகுவது? கிடங்குக்கும் களத்துக்கும் ஆர்கனைசர் தேர்ந்தெடுத்த அனுபவம்

2001 ஏப்ரலில் இந்த வேலை என் மேசைக்கு வந்தது. இயந்திர உதிரிபாகங்களை வாங்கி விற்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிடங்கில் சரக்கு எண்ணுகிற 6 பேருக்கும், வாடிக்கையாளர்களைத் தேடி வெளியே போகிற 12 பேருக்கும் கையடக்க ஆர்கனைசர் (முகவரி, சந்திப்பு நேரம், குறிப்புகளை வைத்துக்கொள்ளும் சிறு மின்னணுக் கருவி) வாங்குவது என்று முடிவாகியிருந்தது. எந்தக் கருவி என்று சோதித்துப் பார்த்து ஜூலைக்குள் சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

இயக்குநர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "இன்னிக்கு முகவரியும் அப்பாயின்ட்மென்ட்டும் போதும். நாளைக்கு வேற ஏதாவது தேவைப்பட்டா அதையும் இதுலயே சேர்த்துக்கணும். மறுபடியும் புதுசா வாங்கச் சொல்லாதீங்க."

நியாயமான நிபந்தனை. ஆனால் "சேர்த்துக்கொள்வது" என்ற அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது மூன்று வேறு பொருள்கள் ஒளிந்திருந்தன. அவற்றைப் பிரித்துப் பார்க்க எனக்குப் பல வாரங்கள் ஆயின. இந்த ஆய்வை எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

அப்போது கடைகளில் இருந்தவை

பின்னணியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1996-இல் வந்த பாம் பைலட், சட்டைப்பைக்குள் அடங்குகிற ஆர்கனைசர் என்றால் என்ன என்பதைத் தீர்மானித்துவிட்டது. 160-க்கு 160 புள்ளி கொண்ட சிறிய திரை, திரையில் பேனாவால் எழுதும் கிராஃபிட்டி என்ற எழுத்துமுறை, கிரேடில் என்ற தாங்கியில் வைத்து ஒரே பொத்தானில் மேசைக்கணினியோடு ஒத்திசையும் ஹாட்சிங்க். அந்த எளிமைதான் அதன் பலம். வேண்டியபோது வேறெதையாவது செருகி எடுக்கிற ஸ்லாட் அதில் இல்லை.

அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸும் டோனா டுபின்ஸ்கியும் 1998-இல் வெளியேறி ஹேண்ட்ஸ்பிரிங் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1999 செப்டம்பரில் அவர்கள் அறிவித்த வைசரும் பாமின் இயங்குதளமான பாம் ஓ.எஸ்.-ஸில்தான் ஓடியது. புதிதாக இருந்தது அதன் முதுகில் உள்ள ஸ்பிரிங்போர்டு ஸ்லாட் என்ற செருகிடம். கேமரா, இசை பிளேயர், மோடம், ஜி.பி.எஸ்., கைப்பேசி என்று அதில் செருகும் மாட்யூல்களைப் பல நிறுவனங்கள் செய்யத் தொடங்கின. மாட்யூலைச் செருகினால் அதற்கான மென்பொருள் தானாக வந்து நிற்கும். உருவினால் தானாகப் போய்விடும். டிரைவர் நிறுவுவது, மீண்டும் துவக்குவது எதுவும் இல்லை. இதை முதல் தடவை பார்த்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. கணினியோடு பழக்கமில்லாத ஒருவர் கையில் கொடுக்கப்போகும் கருவி இப்படித்தான் இருக்க வேண்டும்.

2001 மார்ச்சில் பாம் நிறுவனமும் எம்500, எம்505 என்ற மாடல்களில் ஸ்லாட் வைத்தது. தபால்தலை அளவிலான எஸ்.டி. அல்லது மல்டிமீடியா நினைவகக் கார்டு அதில் போகும். சோனி தன் கிளியே மாடல்களில் தன் சொந்த நினைவகக் கார்டான மெமரி ஸ்டிக்கைப் போட்டது. டி.ஆர்.ஜி. என்ற சிறிய நிறுவனம் காம்பேக்ட் ஃபிளாஷ் என்ற இன்னொரு வகைக் கார்டுக்கான ஸ்லாட்டோடு டி.ஆர்.ஜி. ப்ரோ என்ற கருவியைச் செய்தது. அவர்களே பெயரை ஹேண்டெரா என்று மாற்றிக்கொண்டு, காம்பேக்ட் ஃபிளாஷ், எஸ்.டி. இரண்டும் போகிற ஹேண்டெரா 330-ஐக் கொண்டுவந்தார்கள். திரையும் 240-க்கு 320 புள்ளி. பொறியியலாகப் பார்த்தால் அந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தது அதுதான்.

மறுபக்கம் மைக்ரோசாஃப்ட்டின் இயங்குதளத்தில் ஓடிய பாக்கெட் பி.சி. கருவிகள். அவற்றில் காம்பாக் ஐபேக்தான் எல்லோரும் பேசிய கருவி. 206 மெகாஹெர்ட்ஸ் செயலி, 32 எம்.பி. நினைவகம், பளிச்சென்ற வண்ணத் திரை. கருவியில் ஸ்லாட் கிடையாது. அதற்குப் பதிலாக உறை மாதிரி ஒரு ஜாக்கெட் மாட்ட வேண்டும். காம்பேக்ட் ஃபிளாஷுக்கு ஒரு ஜாக்கெட், பி.சி. கார்டுக்கு இன்னொரு ஜாக்கெட்.

மூன்று பொருள்கள்

முதல் வாரம் நான் செய்த தவறு, எந்தக் கருவிக்கு எத்தனை துணைக்கருவி கிடைக்கிறது என்று பட்டியல் போட்டது. அந்தப் பட்டியலில் வைசர் எளிதாக ஜெயித்தது. ஆனால் எங்களில் யாருக்கும் கேமராவோ இசை பிளேயரோ தேவையில்லை. நீளமான பட்டியல் கண்ணைக் கவரும், முடிவெடுக்க உதவாது.

பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கிடங்குக்குப் போய் மூன்று நாள் நின்றேன். அப்புறம் வெளியே போகிறவர்களோடு ஒரு வாரம் சுற்றினேன். அப்போதுதான் அந்தச் சொல் பிரிந்து தெரிந்தது.

கிடங்கில் "சேர்ப்பது" என்றால் ஒரு உறுப்பைச் சேர்ப்பது. கருவிக்கு ஒரு கண் வேண்டும். பார்கோடைப் படிக்க வேண்டும். களத்தில் "சேர்ப்பது" என்றால் இடத்தைச் சேர்ப்பது. எங்கள் விலைப்பட்டியலைப் படங்களோடு ஏற்றினால் 11 எம்.பி. ஆயிற்று; பாம் வகைக் கருவிகளில் இருந்ததோ 8 எம்.பி. மூன்றாவது பொருளை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை: பாதுகாப்பைச் சேர்ப்பது. ஏழெட்டு நாள் அலுவலகத்துக்கே வராமல் ஊர் ஊராகப் போகிறவரிடம் கருவி காலியாகிவிட்டால், அந்த நாட்களின் ஆர்டர்கள் எங்கே போகும்?

இன்றைக்குக் கைப்பேசியோடு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கவலையின் கனம் தெரியாது. அன்றைய கருவிகளில் நீங்கள் எழுதுவதெல்லாம் ராம் என்ற தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். பேட்டரி முழுதாகத் தீர்ந்தால் அத்தனையும் போய்விடும். வைசரில் ஏ.ஏ.ஏ. பேட்டரிகளை மாற்றும்போதுகூட, பழையதைக் கழற்றி ஒரு நிமிடத்துக்குள் புதியதைப் போட்டுவிட வேண்டும்.

ஸ்லாட்டுக்குள் என்ன நடக்கிறது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காத இடம் இது.

எம்500-இல் ஒரு 16 எம்.பி. கார்டைப் போட்டால் நினைவகம் 8-லிருந்து 24 ஆகிவிடும் என்றுதான் விற்பனையாளர் சொன்னார். அப்படி ஆகாது. கார்டு ஒரு கோப்பு அலமாரி மாதிரி. அதிலுள்ள நிரலைத் தொட்டால், பாம் ஓ.எஸ். 4.0 அதை முதலில் ராமுக்குக் கொண்டுவந்துதான் ஓட்டும். தரவுத்தளத்தின் நிலைமை இன்னும் சிக்கல்: கார்டிலிருந்தே நேராகப் படிக்கும்படி மென்பொருள் எழுதப்பட்டிருக்க வேண்டும். எங்கள் விலைப்பட்டியல் மென்பொருள் அப்படி எழுதப்படவில்லை. ஆக, கார்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பட்டியல் ராமுக்குள் அடங்கினால்தான் உண்டு.

ஸ்பிரிங்போர்டு வேறு விதம். அதில் செருகும் மாட்யூல் செயலி நேரடியாகப் படிக்கிற முகவரிப் பரப்புக்குள்ளேயே வந்துவிடும். மாட்யூலில் உள்ள நிரல் அங்கிருந்தபடியே ஓடும், ராமுக்கு நகரத் தேவையில்லை. செருகியதும் உயிர்பெறுவதன் ரகசியம் இதுதான். இதற்கு விலையும் உண்டு. அது ஹேண்ட்ஸ்பிரிங்கின் சொந்த வடிவம். அதற்கென்று செய்த மாட்யூல் வேறு கருவியில் போகாது. எஸ்.டி. கார்டையோ காம்பேக்ட் ஃபிளாஷையோ நாளைக்கு வேறு நிறுவனத்தின் கருவியிலும் போட்டுக்கொள்ளலாம்.

ஐபேக் இந்த விஷயத்தில் தாராளமானது. காம்பேக்ட் ஃபிளாஷ் ஜாக்கெட்டைப் போட்டால் கார்டு ஒரு கோப்புறையாகத் தெரியும், எங்கள் படப் பட்டியலும் சிரமமில்லாமல் திறந்தது. படங்களைக் காட்டி விற்பதற்கு அதைவிடச் சிறந்த திரை அன்று இல்லை. ஆனால் ஜாக்கெட் மாட்டியதும் அது சட்டைப்பையில் இருக்க மறுத்தது. உள்ளே பூட்டிய ரீசார்ஜ் பேட்டரி என்பதால் வழியில் மாற்றுப் பேட்டரி வாங்கிப் போடவும் முடியாது. எங்களோடு இருந்த ஒரு மாதிரிக் கருவி வெளியே போன இரண்டாம் நாள் மாலையே சார்ஜரைத் தேடியது. வைசர் அதே ஜோடி பேட்டரியில் வாரக்கணக்கில் ஓடியது.

சோதனை

மூன்று வாரம் சோதித்தோம். கிடங்கில் வைசர் டீலக்ஸ் இரண்டு, சிம்பல் நிறுவனத்தின் ஸ்பிரிங்போர்டு பார்கோடு மாட்யூலோடு. களத்தில் எம்500 இரண்டு, ஐபேக் ஒன்று. ஹேண்டெராவைச் சோதிக்க நேரத்துக்குக் கிடைக்கவில்லை. பார்க்காத கருவியைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

கிடங்கில் முடிவு முதல் நாளே தெரிந்துவிட்டது. காலை முழுக்க இழுக்கிற ஒரு வரிசை அலமாரி பத்தரை மணிக்கு முடிந்தது. எண் தவறாக எழுதுவது அறவே நின்றது; எங்கள் பாக எண்கள் 11 இலக்கம், கிராஃபிட்டியில் எழுதினால் பத்துக்கு ஒன்று தவறாகிவிடும். மாட்யூல் தலைப்பக்கம் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும், கீழே விழுந்தால் முதலில் அடிபடுவது அதுதான் என்று குறித்துக்கொண்டேன்.

சிம்பல் நிறுவனம் பாம் ஓ.எஸ்.-ஸிலேயே ஸ்கேனரை உள்ளே பொருத்திய எஸ்.பி.டி. வரிசைக் கருவிகளையும் விற்றது. கிடங்குக்கு அதுவே முறையான கருவி என்று வாதிடலாம். நான் அதை எடுக்கச் சொல்லாததற்கு இயக்குநரின் நிபந்தனைதான் காரணம்: கண்ணைக் கழற்றி வேறொன்றை மாட்ட அதில் வழியில்லை. பின்னால் யோசிக்கும்போது, இந்த ஒரு இடத்தில் நான் நிபந்தனையை எதிர்த்துப் பேசியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. கிடங்கில் அந்தக் கண்ணை யாரும் ஒருநாளும் கழற்றப்போவதில்லை.

கிடங்கில் மூத்தவர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். இரண்டு நாள் பயன்படுத்திப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, வேகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நடுவுல இது செத்துப்போச்சுன்னா நான் எண்ணுனது என்னாகும்?"

"சாயங்காலம் கிரேடில்ல வெச்சு சிங்க் பண்ணிட்டா கணினிக்குப் போயிரும் அண்ணாச்சி."

"சாயங்காலத்துக்கு முன்னாடி செத்துச்சுன்னா?"

அதற்கு பேக்கப் மாட்யூல் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். ஹேண்ட்ஸ்பிரிங்கே விற்ற மாட்யூல் அது; செருகி ஒரு தட்டுத் தட்டினால் கருவியில் உள்ள எல்லாவற்றையும் பிரதி எடுத்துக்கொள்ளும். ஆனால் ஸ்லாட்டில்தான் ஸ்கேனர் இருக்கிறதே. இருப்பது ஒரு ஸ்லாட். ஸ்கேனர் உள்ளே இருக்கும்வரை பேக்கப் வெளியே. என் அறிக்கையில் இதை ஒரு வரியாக எழுதினேன். ஒரு வரியாக மட்டும் எழுதினேன்.

முடிவு

இயக்குநர் 18 பேருக்கும் ஒரே மாடலைத்தான் விரும்பினார். "எல்லாரும் ஒண்ணே வெச்சிருந்தாத்தானே உங்களுக்கும் பராமரிப்பு சுலபம்?" என்று கேட்டார். அவர் மனம் ஐபேக் பக்கம் சாய்ந்திருந்தது. அந்தத் திரையைப் பார்த்த யாருக்கும் சாயும்.

நான் இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். கிடங்குக்கு வைசர் டீலக்ஸும் ஸ்கேனர் மாட்யூலும். களத்துக்கு எம்500. மாடல் ஒன்றாக இருப்பதைவிட இயங்குதளம் ஒன்றாக இருப்பது முக்கியம் என்பது என் வாதம். இரண்டும் பாம் ஓ.எஸ். என்பதால் ஆர்டர் மென்பொருள் இரண்டிலும் அப்படியே ஓடும், பயிற்சி ஒன்று, மேசைக்கணினியில் நிறுவும் மென்பொருளும் கிட்டத்தட்ட ஒன்று. ஸ்லாட்டில் எதைச் செருகுகிறோம் என்பதில் மட்டும் வேறுபாடு.

விலைப்பட்டியலிலிருந்து படங்களை எடுத்துவிட்டோம். 11 எம்.பி. இருந்தது 3 எம்.பி.க்குக் கொஞ்சம் கீழே வந்து, எம்500-இன் ராமில் தாராளமாக உட்கார்ந்தது. முக்கியமான பாகங்களின் படங்களை அச்சிட்ட சின்னப் புத்தகமாகக் கொடுத்தோம், அது போதுமானதாக இருந்தது. ஆக, எந்தத் தேவைக்காக எஸ்.டி. ஸ்லாட்டைப் பார்த்தோமோ அதற்கு அது உதவவில்லை. உதவியது மூன்றாவது தேவைக்கு. கார்டிலேயே காப்புப்பிரதி எடுக்கும் ஒரு மென்பொருளைப் போட்டு, ஒவ்வொரு இரவும் தானாக எடுக்கும்படி வைத்தோம். கார்டு எப்போதும் உள்ளேயே இருக்கும், வேறெதற்கும் இடம் கேட்காது. களத்துக்காரர்கள் 12 பேரில் ஒருவர்கூட அதன்பின் ஒருநாள் ஆர்டரையும் இழக்கவில்லை.

டிசம்பரில் நடந்தது

ஆண்டிறுதிச் சரக்குக் கணக்கு. பின்பக்கக் கொட்டகையில் மூன்று நாள் எண்ணிய கணக்கு ஒரு வைசரில் இருந்தது. எண்ணி முடித்த மாலை, கிரேடில் இணைத்த கணினி பழுது என்பதால் சிங்க் ஆகவில்லை. மறுநாளிலிருந்து ஒன்பது நாள் விடுமுறை.

விடுமுறை முடிந்து திறந்தால், பெட்டியிலிருந்து அன்றுதான் எடுத்ததைப் போல, பேனாவால் திரையின் புள்ளிகளைத் தொடச் சொல்லிக் கருவி நின்றது. எல்லாம் போய்விட்டிருந்தது.

காரணத்தைத் தேடினால், செலவைக் குறைக்க நவம்பரில் ஆல்கலைனுக்குப் பதிலாக ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல்களுக்கு மாறியிருக்கிறார்கள். அனுமதித்தது நான்தான். ஆல்கலைன் செல் மெதுவாக இறங்கும், திரையிலுள்ள பேட்டரிக் குறி அதோடு சேர்ந்து இறங்கி முன்கூட்டியே எச்சரிக்கும். நிக்கல் செல்லின் மின்னழுத்தம் கடைசிவரை ஒரே சமமாக நின்று சட்டென்று விழும். சும்மா வைத்திருந்தாலும் தானாகக் கரையும். குறியை நம்பியவர்மேல் குற்றமில்லை.

மூன்று நாள் வேலையை அண்ணாச்சியும் இன்னொருவரும் மறுபடி செய்தார்கள். அவர் என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஏப்ரலிலிருந்தே அவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. நான் ஒரு வரியில் கடந்துபோயிருந்தேன். வணிகத்துக்குக் கருவி தேர்ந்தெடுக்கிறவர் யாராக இருந்தாலும் இந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: தினமும் உள்ளே இருந்தே ஆக வேண்டிய பொருள் ஸ்லாட்டைப் பிடித்துக்கொண்டபின் மிச்சம் என்ன இருக்கிறது? மிச்சம் ஒன்றும் இல்லையென்றால், வாங்கிய நிமிடத்திலிருந்தே அந்தக் கருவி விரிவாக்க முடியாத கருவிதான்.

அதன்பின் ஆல்கலைனுக்குத் திரும்பினோம். கிரேடில் இணைத்த கணினிகள் இரண்டாயின. மதிய இடைவேளையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை சிங்க். கணினி இல்லாத கொட்டகைக்கு மட்டும் பேக்கப் மாட்யூல்: வேலை முடிந்ததும் ஸ்கேனரைக் கழற்றி, அதைச் செருகி, பிரதி எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு. ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பயனர் பெயர் இருக்கிறதா என்றும் அப்போதுதான் ஒழுங்காகச் சரிபார்த்தோம். ஹாட்சிங்க் கருவியை அடையாளம் காண்பது அந்தப் பெயரை வைத்துத்தான், ஒரே பெயரில் இரண்டு இருந்தால் ஒருவர் கணக்கு இன்னொருவர் கருவிக்குள் கலந்துவிடும்.

ஸ்லாட்டின் ஆயுள்

நான் கணிக்கத் தவறிய இன்னொன்று உண்டு. 2001 மார்ச்சில் ஹேண்ட்ஸ்பிரிங் வைசர் எட்ஜ் என்ற மெல்லிய மாடலை அறிவித்தபோது, ஸ்பிரிங்போர்டு ஸ்லாட் கருவிக்குள் இல்லை; தனியாக மாட்டும் ஒட்டுறுப்பாக மாறியிருந்தது. ஸ்லாட்டுக்குப் பேர்போன நிறுவனமே அதை வெளியே எடுத்து வைக்கிறது என்றால் அவர்கள் பார்வை வேறெங்கோ போகிறது என்று அர்த்தம். நான் மெல்லிதாக இருக்கிறதே என்று மட்டும் பார்த்தேன்.

2002 தொடக்கத்தில் கைப்பேசியும் ஆர்கனைசரும் ஒன்றான ட்ரியோ விற்பனைக்கு வந்தது. அதில் ஸ்பிரிங்போர்டு இல்லை. அந்த வாரமே இயக்குநரிடம் போய் விஷயத்தைச் சொல்லி, இரண்டு உதிரி ஸ்கேனர் மாட்யூலும் மூன்று வைசரும் வாங்கி வைக்க ஒப்புதல் பெற்றேன். 2003-இல் ஹேண்ட்ஸ்பிரிங் பாமோடு இணைந்து பாம்ஒன் ஆனபோது மாட்யூல்கள் கிடைப்பது அரிதாகியிருந்தது. வாங்கி வைத்தவை எங்களை இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டின. எம்500-இன் எஸ்.டி. கார்டுகள் இந்த மாற்றம் எதையும் உணரவே இல்லை. அடுத்து வந்த பாம் டங்ஸ்டன் கருவிகளில் அதே கார்டுகளைத்தான் போட்டோம்.

2005-இல் கிடங்குக் கருவிகளை மாற்றும் நேரம் வந்தது. இந்தத் தடவை ஸ்கேனர் உள்ளேயே பொருத்திய, மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் தரவைச் சேமிக்கிற கருவிகளை மட்டுமே வரவழைத்தேன். செய்து காட்ட வந்தவர் வேகம், திரை, வயர்லெஸ் என்று அரை மணி நேரம் விளக்கினார். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு பெட்டியை ஸ்கேன் செய்யச் சொன்னார். அளவைப் பதியச் சொன்னார். அப்புறம், "இப்ப பேட்டரியக் கழட்டுங்க தம்பி" என்றார்.

அவர் கழற்றினார். அண்ணாச்சி அதைத் தன் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, கொட்டகைவரை ஒரு நடை போய்வந்தார். பத்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்து பேட்டரியைக் கொடுத்தார். கருவி மெதுவாகத் துவங்கியது. பெட்டியும் அளவும் திரையில் அப்படியே இருந்தன.